வாஹிஸ் தளம்: விலங்கு நோய்க் கொள்கை படிக்க வருபவர்களுக்காக ஒரு மதிப்புரை

கால்நடை மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டு, சிகிச்சைப் பக்கம் போகாமல் பொதுச் சுகாதாரம், நோய்க் கொள்கை என்று ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதைத்தான். அடுத்த கேள்வி, எந்தப் பாடநூலில் தொடங்க வேண்டும் என்பது. இரண்டுக்கும் முன்னால் வாஹிஸில் சில வாரம் உட்காருங்கள் என்று சொல்வேன். பாடம் நடத்துகிறேன், முனைவர் பட்ட ஆய்வுகளுக்கு நெறியாளராக இருக்கிறேன், நோய்க் கட்டுப்பாட்டு ஆலோசனைக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த மூன்று இடத்திலும் ஒரே விஷயத்தைப் பார்க்கிறேன்: இந்தத் தளத்தைப் படிக்கத் தெரிந்தவர் கேட்கும் கேள்வி வேறு, தரவை இறக்கிக்கொண்டு நேராகக் கணக்குப் போடுபவர் கேட்கும் கேள்வி வேறு. அதனால் ஒரு பயனராக இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: வாஹிஸ் என்பது உலக விலங்கு சுகாதார அமைப்பு நடத்தும் தகவல் தளம். 2022 வரை இந்த அமைப்பை எல்லோரும் ஓ.ஐ.இ. என்றுதான் சொல்லிவந்தோம். தலைமையகம் பாரிஸில். 183 உறுப்பு நாடுகள் தங்கள் விலங்கு நோய் நிலவரத்தை இதன் வழியாகத்தான் உலகத்துக்குத் தெரிவிக்கின்றன. 2005 முதலான தரவு கிடைக்கிறது. இப்போதைய வடிவம் 2021இல் வந்தது. ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றிலும் படிக்கலாம். காசு இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. திறந்தால் உலக வரைபடம். நாடு, நோய், காலம் என்று வடிகட்டிக்கொண்டே போகலாம். வேண்டியதை அட்டவணையாக இறக்கிக்கொள்ளலாம்.

உள்ளே இரண்டு விதமான தகவல் ஓடுகிறது. ஒன்று அவசரத் தகவல். இந்த அமைப்பின் பட்டியலில் உள்ள நோய் ஒரு நாட்டில் முதல் முறையாக வந்தாலோ, ஒழிந்த நோய் திரும்பினாலோ, புதிய வகைக் கிருமி வந்தாலோ, வழக்கமாக அந்த நோய் வராத உயிரினத்தில் வந்தாலோ, நோய் உறுதியானதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். அதன் பிறகு வாரா வாரம் தொடர் அறிக்கை. இன்னொன்று வழக்கமான தகவல். ஏற்கெனவே ஊன்றிவிட்ட, அதாவது அந்த நாட்டில் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும் நோய்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை, அப்புறம் ஆண்டறிக்கை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அதற்குப் பிறகு செய்கிற எல்லாமே கோணலாகிவிடும்.

சரி, ஒரு அவசர அறிக்கையைத் திறந்து பார்ப்போம். மேலே நாட்டின் பெயர், நோய், கிருமியின் வகை. அதற்குக் கீழே தேதிகள். நிகழ்வு தொடங்கிய தேதி, உறுதிப்படுத்திய தேதி, அறிக்கை வந்த தேதி. என் வகுப்பில் இந்த மூன்று தேதிகளுக்கே ஒரு முழு வகுப்பு போய்விடும். தொடங்கியதற்கும் உறுதியானதற்கும் நடுவே உள்ள இடைவெளி, அந்த நாட்டின் கண்ணும் காதும் எப்படி வேலை செய்கின்றன என்பதைக் காட்டுகிறது. மாடு வாயில் நுரை தள்ளுவதை யாராவது கவனித்தார்களா, கவனித்தவர் கூப்பிட ஒரு கால்நடை மருத்துவர் பக்கத்தில் இருந்தாரா, மாதிரி எடுத்தார்களா, எடுத்த மாதிரி குளிர்ச்சி கெடாமல் ஆய்வகம் போய்ச் சேர்ந்ததா, எல்லாம் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. உறுதியானதற்கும் அறிக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளி வேறு கதை. அது அலுவலகமும் அரசியலும். முதல் இடைவெளி நீண்டிருந்தால் ஆய்வகத்தையும் களப் பணியாளர்களையும் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டாவது நீண்டிருந்தால், சொல்வதற்கு யார் பயந்தார்கள், ஏன் பயந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

முதல் இடைவெளி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2001இல் பிரிட்டனில் வந்த கோமாரியைத்தான் எப்போதும் எடுத்துக்கொள்வேன். அப்போது வாஹிஸ் இல்லை. ஆனாலும் அதே மூன்று தேதிகளை வைத்து அந்த நிகழ்வைப் படிக்கலாம். பிப்ரவரி 19ஆம் தேதி எஸ்ஸெக்ஸில் ஒரு இறைச்சிக்கூடத்தில் பன்றிகளைப் பார்த்துச் சந்தேகம் வந்தது. மறுநாள் உறுதியானது. ஆனால் அதற்குள் கிருமி வடக்கே ஒரு பன்றிப் பண்ணையிலிருந்து ஆடுகளுக்குத் தாவி, சந்தைகள் வழியாக ஐம்பதுக்கு மேற்பட்ட பண்ணைகளுக்குப் போய்விட்டிருந்தது. செம்மறி ஆட்டில் கோமாரியின் அறிகுறி லேசாகத்தான் தெரியும். லேசாக நொண்டும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. முடிவில் நோய் உறுதியான பண்ணைகள் 2026. கொல்லப்பட்ட விலங்குகள் அறுபது லட்சத்துக்கு மேல்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் அந்த ஆண்டைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. நோய் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும், பல்கலைக்கழகங்களில் இருந்த கணித மாதிரிக் குழுக்களின் கணிப்பு, சில வாரங்களுக்குள் அரசின் உத்தரவாக மாறியது. நோய் கண்ட பண்ணைக்கு அடுத்த பண்ணையில் இருந்த, நோய் தெரியாத விலங்குகளையும் கொல்ல வேண்டும் என்ற முடிவு அப்படித்தான் வந்தது. அது தேவைதானா என்ற விவாதம் ஆய்விதழ்களில் இன்னும் ஓயவில்லை. நம் கட்டுரையில் உள்ள ஒரு அனுமானம், முன்பின் பார்த்திராத ஒருவருடைய தொழுவத்தில் போய் நிற்கும். அதற்குத் தயாராக இருப்பவர்தான் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

அறிக்கைக்குத் திரும்புவோம். தேதிகளுக்குக் கீழே எண்கள். நோய் தாக்கக்கூடிய விலங்குகள் எத்தனை, நோயுற்றவை எத்தனை, இறந்தவை எத்தனை, கொன்று அப்புறப்படுத்தியவை எத்தனை, இறைச்சிக்காக வெட்டப்பட்டவை எத்தனை. புதிதாக வருபவர்கள் இறந்தவை பத்தியைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் கொன்று அப்புறப்படுத்தியவை பத்தியைப் பார்க்கச் சொல்வேன். பறவைக் காய்ச்சல் வந்த ஒரு பண்ணையில் கொஞ்சம் கோழிகள்தான் செத்திருக்கும், மீதி அத்தனையும் ஆணையின் பேரில் கொல்லப்பட்டிருக்கும். கிருமி செய்தது எது, கொள்கை செய்தது எது என்பது அந்த ஒரே வரியில் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் தெரியும். காட்டுப் பறவைகளில் நோய் வந்திருந்தால் முதல் பத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும், ஏனென்றால் அங்கே மொத்தம் எத்தனை பறவை என்று யாரும் எண்ணவில்லை. வகுக்க எண் இல்லாதபோது விகிதம் போடக் கூடாது. இது தெரியாமல் இறப்பு விகிதம் போட்ட கட்டுரைகள் மதிப்பீட்டுக்கு என் மேசைக்கு வந்திருக்கின்றன.

இன்னும் கீழே போனால் நோயின் மூலம் எது என்று ஒரு கட்டம். பல அறிக்கைகளில் அங்கே இருப்பது 'தெரியவில்லை அல்லது முடிவுக்கு வரவில்லை' என்பதுதான். மாணவர்கள் அதைப் பார்த்ததும் சோர்ந்துபோகிறார்கள். எனக்கு அந்தக் கட்டம் பிடிக்கும். நோய் உறுதியான 24 மணி நேரத்தில் மூலம் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரியாததைத் தெரியவில்லை என்று ஒரு அரசு எழுதிக் கையெழுத்துப் போடுவது பெரிய விஷயம். அதற்குப் பின் வரும் வாராந்திர அறிக்கைகளில் அந்தக் கட்டம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அங்கே யாரோ லாரியின் பதிவேட்டையும் சந்தைச் சீட்டையும் வைத்துக்கொண்டு தேடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவசரத் தகவலின் பலம் இது. வழக்கமான தகவலைப் படிக்க இன்னும் பொறுமை வேண்டும். ஆறு மாத அறிக்கையில் ஒரு நோய் இருக்கிறது என்று சொல்லலாம், சந்தேகம் என்று சொல்லலாம், இல்லை என்று சொல்லலாம், தகவலே இல்லை என்றும் விடலாம். கடைசி இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. 'இல்லை' என்றால் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. 'தகவல் இல்லை' என்றால் தேடினோமா என்பதே தெரியாது. ஒரு மாணவி ஆட்டுக்கொல்லி நோய் பற்றி அழகான வரைபடம் ஒன்று கொண்டுவந்தாள். நோய் உள்ள நாடுகள் சிவப்பு, மற்றவை எல்லாம் பச்சை. பச்சையில் பாதியை நீக்கிவிட்டுச் சாம்பல் நிறம் பூசச் சொன்னேன். பூசிய பிறகு அவளே சொன்னாள், "மேடம், இப்ப இந்தச் சாம்பல் நாடுகளைப் பத்தித்தான் ஆய்வு பண்ணணும் போல இருக்கு." அதுவே அவளுடைய ஆய்வுத் தலைப்பாகிவிட்டது.

இல்லை என்று நிரூபிப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு ரிண்டர்பெஸ்ட், அதாவது மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், ஒழிந்த கதையைப் பார்த்தால் போதும். இந்த அமைப்பே அந்த நோயால்தான் பிறந்தது. 1920இல் ஆன்ட்வெர்ப் துறைமுகம் வழியாகப் போன மாடுகளால் பெல்ஜியத்தில் வெக்கை பரவியது. நாடுகள் ஒன்றுகூடிப் பேசி, 1924 ஜனவரியில் 28 நாடுகள் கையெழுத்திட்டு ஓ.ஐ.இ.யைத் தொடங்கின. எங்கே நோய் இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் மறைக்காமல் சொல்லிக்கொள்வதுதான் அன்றைய முதல் தேவை. கடைசியாக அறியப்பட்ட வெக்கை 2001இல் கென்யாவில், காட்டெருமைகளில். ஆனால் உலகம் விடுபட்டது என்று அறிவித்தது 2011இல். நடுவில் இருந்த பத்து ஆண்டும் தேடியதில் போனது. தேடுவதற்கு முன்னால் தடுப்பூசியை நிறுத்த வேண்டியிருந்தது. அன்றைய தடுப்பூசி போட்ட மாட்டின் ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளும் நோய் வந்த மாட்டின் எதிர்ப்பொருளும் பரிசோதனையில் ஒன்றுபோலவே தெரியும். ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் கிருமி இருக்கிறதா இல்லையா என்று கடைசிவரை தெரியாது. பல தலைமுறையாகக் காப்பாற்றிவந்த ஊசியை நிறுத்துங்கள் என்று ஒரு அரசுக்கு ஆலோசனை சொல்ல எவ்வளவு உறுதி வேண்டும்! கொள்கை ஆராய்ச்சி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ஆலோசனைதான். ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் ஒழிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அங்கேயும் இதே கேள்வி வரும்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். முதல் குறை தளத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நாடுகள் சொன்னால்தான் உண்டு. சொன்னால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 1995 முதல் உலக வர்த்தக அமைப்பின் சுகாதார ஒப்பந்தம், விலங்கு நோய் விஷயத்தில் இந்த அமைப்பின் தரநிலைகளைத்தான் அடிப்படையாக வைக்கிறது. கோமாரி, ஆட்டுக்கொல்லி, மாட்டுப் பைத்திய நோய் உள்ளிட்ட ஆறு நோய்களுக்கு ஒரு நாடு விடுபட்டதா, அபாயம் எவ்வளவு என்று அதிகாரபூர்வ அந்தஸ்து உண்டு. கோமாரி இல்லாத நாடு என்ற பெயர் போனால் மறுநாள் ஏற்றுமதி நிற்கும். ஆகவே இந்தத் தளத்தில் வரும் ஒவ்வொரு அறிக்கைக்குப் பின்னாலும், சொல்வதா வேண்டாமா என்று ஒரு அறையில் நடந்த பேச்சு இருக்கிறது. அதிகமாகச் சொல்லும் நாட்டில் அதிக நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அங்கே கண்காணிப்பு நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நாடுகளை எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தும் கட்டுரைகளை நான் ஏற்றுக்கொள்வதே இல்லை.

இரண்டாவது குறை ஊன்றிய நோய்களில். ரேபிஸை எடுத்துக்கொள்ளுங்கள். உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் அதனால் இறக்கிறார்கள் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. அதில் மிகப் பெரும்பாலும் நாய்க்கடியால். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டால் பரவல் அறுந்துவிடும் என்பதும் தெரியும். ஆனால் இந்தத் தளத்தில் ரேபிஸ் ஊன்றிய நாட்டின் பக்கம் மிக அமைதியாக இருக்கும். அவசர அறிக்கை வராது, ஏனென்றால் அங்கே அது புதிய செய்தி இல்லை. புதிதாக ஒரு பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்தால் வரைபடத்தில் புள்ளி ஒளிர்கிறது. ஆண்டாண்டாகக் குழந்தைகள் சாகும் நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒரு வரி. தளம் வர்த்தகத்தை மனதில் வைத்து வளர்ந்ததன் விளைவு இது. ஆய்வுத் தலைப்பைத் தேடும்போது ஒளிரும் புள்ளிகளின் பின்னாலேயே போகாதீர்கள் என்று ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். அந்தப் புள்ளிகளுக்கு ஆராய்ச்சிப் பணமும் ஆய்விதழும் எளிதாகக் கிடைக்கின்றன, அது உண்மைதான். ஏழைகளின் ஆட்டையும் நாயையும் பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்க இன்னும் அலைய வேண்டியிருக்கிறது. ஆனாலும் பொதுச் சுகாதாரம் என்ற பெயரில் வேலை செய்கிறவர்கள் அங்கே போகாவிட்டால் யார் போவார்கள்?

மூன்றாவது குறையை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வருத்தம். அவசர அறிக்கையில், எடுத்த நடவடிக்கைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. நகர்வுத் தடை, கொன்றழித்தல், கிருமிநீக்கம், தடுப்பூசி என்று வரிசையாக வரும். விலங்கை இழந்தவருக்கு இழப்பீடு கிடைத்ததா என்பது அதில் வராது. 1714இல் இங்கிலாந்தில் வெக்கை வந்தபோது அரசரின் அறுவை மருத்துவர் தாமஸ் பேட்ஸ், நோயுற்ற மாடுகளைக் கொன்று எரிக்கச் சொன்ன அதே ஆலோசனையில் உரிமையாளருக்குப் பணம் தரவும் சொன்னார். பணம் கிடைக்கும் என்று தெரிந்தால்தான் ஒருவர் தன் மாட்டுக்கு நோய் என்று வந்து சொல்வார் என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்திருந்தது. நாம் மேலே பார்த்த முதல் இடைவெளி நீளுவதற்கும் குறுகுவதற்கும் இது ஒரு பெரிய காரணம். அந்தக் காரணத்துக்கு அறிக்கையில் ஒரு கட்டம் கிடையாது. ஒரு நாட்டின் இழப்பீட்டு விதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த நாட்டின் சட்டங்களைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

வேறு சேவைகளோடு ஒப்பிட்டால் எப்படி என்று கேட்பார்கள். 1994இல் தொடங்கிய ப்ரோமெட் வதந்தி, செய்தி, மருத்துவர்களின் கடிதம் எல்லாவற்றையும் வாங்கி, துறை அறிந்தவர்கள் குறிப்பெழுதி வெளியிடுவது. வேகம் அதில்தான். 2003 பிப்ரவரியில் சார்ஸ் பற்றிய முதல் தகவல் அதில் வந்ததை இந்தத் துறையில் யாரும் மறக்கவில்லை. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பு நடத்தும் எம்ப்ரெஸ் தளம் பல மூலங்களைச் சேர்த்து வரைபடமாகத் தருகிறது. நான் மூன்றையும் பார்க்கிறேன். ஆனால் ஆய்வறிக்கையில் மேற்கோள் காட்டவும், கொள்கைக் கூட்டத்தில் யாரும் மறுக்க முடியாத ஆதாரமாக வைக்கவும் வாஹிஸ்தான். ஏனென்றால் அங்கே உள்ளதை அந்த நாட்டு அரசே சொல்லியிருக்கிறது. வேகத்துக்கு ப்ரோமெட், பொறுப்புக்கு வாஹிஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வந்த செய்தி மற்றொன்றில் எத்தனை நாள் கழித்து வருகிறது என்பதே நல்ல ஆய்வுப் பொருள்.

நட்சத்திரம் கொடுக்கச் சொன்னால் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று ரேபிஸுக்கும் இழப்பீட்டுக்கும் சேர்த்து. நான்கு கொடுப்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. இத்தனை அரசுகள் தங்களுக்குப் பண நஷ்டம் தரக்கூடிய செய்தியைத் தாங்களே எழுதிப் பொதுவில் வைக்கும் இடம் வேறெங்கும் எனக்குத் தெரியாது.

யாருக்கு உதவும்? புள்ளிவிவரம் நன்றாகத் தெரிந்து, களம் பார்க்காதவர்களுக்கு மிக அவசியம். களம் நன்றாகத் தெரிந்து, எண்களைக் கண்டால் ஒதுங்கும் மருத்துவர்களுக்கு அதைவிட அவசியம். அவர்களுக்கு ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் என்ன நடந்திருக்கும் என்பது சொல்லாமலேயே புரியும். அவர்களில் பலர் பின்னால் நல்ல ஆய்வாளர்கள் ஆவதைப் பார்த்திருக்கிறேன். வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு என் பதில்: பல்கலைக்கழகம், அரசுக் கால்நடைத் துறை, சர்வதேச அமைப்பு என்று மூன்று பக்கமும் ஆள் மாறிக்கொண்டே இருக்கிற துறை இது. அறிக்கையை வாசிக்கவும் எழுதவும் தெரிந்தவருக்கு மூன்றிலும் இடம் உண்டு. ஆனால் கொள்கைக் குழுவில் கொடுத்த உழைப்பு பதவி உயர்வில் கட்டுரைகள் அளவுக்கு எண்ணப்படுவதில்லை. அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாருங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் 2018 ஆகஸ்டில் சீனா கொடுத்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அறிக்கையைத் திறங்கள். அந்த நாட்டுக்கு அது முதல் முறை. தொடர் அறிக்கைகளை வரிசையாகப் படித்து, ஒவ்வொன்றிலும் மூன்று தேதிகளையும் கொன்றவற்றின் எண்ணிக்கையையும் நோயின் மூலத்தையும் ஒரு தாளில் கையால் எழுதுங்கள். அப்புறம் அதே ஆண்டில் பக்கத்து நாடுகளின் ஆறு மாத அறிக்கையில் அதே நோய்க்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் 'இல்லை', எந்த இடத்தில் 'தகவல் இல்லை' என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருளை அதற்குப் பிறகு திறக்கலாம்.